ஒரே மாதிரி தெரியும் இரண்டு நிறங்கள்: சுவருக்கு எது என்று முடிவெடுக்கும் முறை

பெயின்ட் நிறங்களைக் காட்டும் ஷேடு கார்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வெளிர் சாம்பல் நிறங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்த்தால் அதே நிறம்தான் என்று தோன்றும், அவ்வளவு நெருக்கம். இதில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று ஒன்றைச் சொல்லிவிட்டேன். கூடத்தின் நான்கு சுவரும் இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, அடித்து முடித்த அன்று மாலை விளக்கைப் போட்டேன். சுவர் முழுக்க மெல்லிய ஊதா ஏறியிருந்தது. பகலில் அது சாம்பல்தான், இருட்டினால் ஊதா. கண்ணுக்குப் பழகிவிடும் என்று மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தோம். பெயின்ட், கூலி, சாமான்களை நகர்த்தி மூடி வைக்கும் வேலை எல்லாமே இரண்டாம் தடவையும் வந்தது.

இரண்டாம் தடவை முறையாகச் செய்தேன். அதற்கு ஆனது இரண்டு சின்ன மாதிரி டப்பா, நான்கு அட்டை, ஒரு வாரம். அவ்வளவுதான். நீங்கள் முதல் தடவையே அந்த ஒரு வாரத்தைச் செலவழித்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை வரிசையாக எழுதுகிறேன்.

அடர் நீலமா, செங்கல் சிவப்பா என்று யோசிப்பவர்களுக்கு இத்தனை பாடு தேவையில்லை. ஆஃப் ஒயிட், ஐவரி, க்ரீம், வெளிர் சாம்பல், சாம்பலும் பழுப்பும் கலந்த கிரேஜ் போன்ற அடங்கிய நிறங்களில் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு திணறுகிறவர்களுக்குத்தான் இது. இந்த நிறங்களுக்குச் சொந்தக் குரல் சன்னமானது. தரை, விளக்கு, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் என்று பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் குரல்தான் சுவரில் கேட்கும். ஆகவே 'எது அழகு' என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், அந்த வித்தியாசம் உங்கள் வீட்டில் எப்போது வெளியே வரும் என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

1. வீட்டில் மாறாதவற்றை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில், அந்த அறையில் அடுத்த ஐந்து வருடத்துக்கு மாறப்போவதில்லை என்று நீங்கள் நினைக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். தரை ஓடு, கதவு, ஜன்னல் சட்டம், சுவரோடு பதித்த அலமாரி, பெரிய சோபா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது மஞ்சள் பக்கமா, சிவப்புப் பக்கமா, பச்சைப் பக்கமா, நீலப் பக்கமா என்று குறித்துக்கொள்ளுங்கள். மரக் கதவு பெரும்பாலும் ஆரஞ்சு பக்கம். சாம்பல் நிறத் தரை ஓடு நீலமாகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை ஓட்டின் மேல் வைத்தால் தெரிந்துவிடும்.

இந்தத் தாளை எழுதாமல் நேராக ஷேடு கார்டைப் பிரிப்பதுதான் எல்லாரும் செய்வது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். சுவர் நிறத்தை மாற்றுவது சுலபம், தரையை மாற்றுவது அப்படியல்ல. எனவே தரைதான் முதலில் பேச வேண்டும்.

2. இரண்டு நிறத்துக்கும் உரிய குறிப்புகளைக் கையில் வாங்குங்கள்

நிறத்தின் பெயரை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். பெயரில் 'வெள்ளை' என்று இருப்பது சாம்பலாகவும், 'சாம்பல்' என்று இருப்பது பழுப்பாகவும் இருக்கும். உங்களுக்குத் தேவை இவை:

- ஷேடு கோடு, அதாவது அந்த நிறத்துக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் குறியீடு, முழு எண்ணோடு
- ஒளி பிரதிபலிப்பு எண். எல்.ஆர்.வி. என்று ஷேடு கார்டின் பின்பக்கமோ நிறுவனத்தின் தளத்திலோ இருக்கும்
- நிறத்தை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கும் என்.சி.எஸ். குறியீடு அல்லது எல், ஏ, பி அளவுகள், கொடுத்திருந்தால் (இவற்றைக் கீழே விளக்குகிறேன்)
- அந்த பெயின்ட் வகையின் தொழில்நுட்பத் தாள். ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் வரும், அடுத்த கை எத்தனை மணி நேரம் கழித்து அடிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும்

எல்.ஆர்.வி. என்பது சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதற்கான எண். 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. உங்கள் இரண்டு நிறங்களுக்கும் இதில் ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம் என்றால் வெளிச்ச விஷயத்தில் இரண்டும் ஒன்றே, 'இது கொஞ்சம் பளிச்சென்று இருக்கும்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐந்து புள்ளிக்கு மேல் போனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். ஆனால் இந்த எண் சாயலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ரோஜாச் சாயல் வெள்ளையும் பச்சைச் சாயல் வெள்ளையும் ஒரே எண்ணில் உட்கார்ந்திருக்கும். எனக்கு ஏமாற்றம் வந்த இடம் இதுதான். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து நிறமும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயலைச் சொல்வது மற்ற குறியீடுகள். என்.சி.எஸ். முறையில் எஸ் 1502-ஒய் என்று ஒரு நிறம் இருந்தால், முதல் இரண்டு இலக்கம் 15 கறுப்பின் அளவு, அடுத்த 02 நிறச்செறிவு, கடைசி எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. ஒய் மஞ்சள், ஆர் சிவப்பு, பி நீலம், ஜி பச்சை. எஸ் 1502-ஒய், எஸ் 1502-பி இரண்டையும் சின்ன மாதிரிச் சீட்டில் பார்த்தால் இரண்டும் வெளிர் சாம்பல். கடைசி எழுத்துதான் ஒன்று மஞ்சள் பக்கம், மற்றது நீலப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கிறது. எல், ஏ, பி அளவுகள் கிடைத்தால் இன்னும் எளிது. 'எல்' வெளிச்சம். 'ஏ' கூடினால் சிவப்பு, கழித்தல் குறி வந்தால் பச்சை. 'பி' கூடினால் மஞ்சள், கழித்தலில் போனால் நீலம். இரண்டு நிறத்தின் மூன்று எண்களையும் மேலும் கீழுமாக எழுதுங்கள். எந்த எண் அதிகம் விலகுகிறதோ அதுதான் உங்கள் சுவரில் பின்னால் தலைகாட்டப் போகும் வித்தியாசம்.

இந்தக் குறிப்பு எதுவும் கிடைக்கவில்லையா? பரவாயில்லை, கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்.

3. அடிச்சாயலைப் பிடியுங்கள்

அடிச்சாயல் என்பது நிறத்துக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள், பச்சை, ஊதா போன்ற சாயல். மொத்த வேலையிலும் முக்கியமான படி இது. அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பகலில், ஜன்னலுக்கு அருகே, நேர் வெயில் படாத இடத்தில் உட்காருங்கள். விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

முதலில், அச்சடிக்காத நல்ல வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் ஒரு நிறத்தின் மாதிரிச் சீட்டை மட்டும் வையுங்கள். தனியே கையில் பிடித்தபோது வெள்ளையாகத் தெரிந்தது இப்போது மஞ்சளாகவோ ரோஜாவாகவோ தெரியத் தொடங்கும். தெரிந்ததை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு இரண்டாவதை வைத்துப் பாருங்கள்.

அடுத்து இரண்டையும் நடுவில் இடைவெளி இல்லாமல் விளிம்போடு விளிம்பு ஒட்டி வையுங்கள். கார்டில் நிறங்களுக்கு இடையே வெள்ளைக் கோடு இருந்தால் அதை வெட்டியோ மடித்தோ மறைத்துவிடுங்கள். அந்தக் கோடு இருக்கும்வரை கண் இரண்டையும் சரியாக ஒப்பிடாது. கோடு போனதும் ஒன்று மற்றொன்றை எதிர்ப்பக்கம் தள்ளும். கொஞ்சம் பச்சை அதிகமுள்ளதன் பக்கத்தில் மற்றது ரோஜாவாகத் தெரியும். இங்கேதான் ஒரு சிக்கல். அந்த ரோஜா அதன் சொந்தச் சாயலா, பக்கத்தில் இருப்பது ஏற்றியதா? தனியாக வெள்ளைத் தாளில் வைத்தபோது எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ரோஜா வந்தால் சொந்தச் சாயல்தான். ஒட்டி வைத்தால் மட்டும் வந்தால், வீட்டில் அந்த இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் வரப்போவதில்லை, ஆகவே அதை விட்டுவிடலாம்.

மூன்றாவதாக, சாயல் ஐயமில்லாமல் தெரியும் ஒரு பொருளின் பக்கத்தில் வையுங்கள். நல்ல மஞ்சள் தாள், பச்சை இலை, நீலத் துணி, ரோஜா நிறக் காகிதம் எதுவானாலும் சரி. எதனோடு சேர்த்தால் உங்கள் சீட்டு 'இவன் நம்ம ஆள்' என்பதுபோல் இணங்கிப் போகிறதோ, அந்தச் சாயல் உள்ளே இருக்கிறது. எதிரானதோடு வைத்தால் முறைத்துக்கொண்டு நிற்கும்.

ஷேடு கார்டில் ஒரே பட்டையில் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை ஏழெட்டு நிறம் இருக்குமே, அதில் கடைசி அடர்நிறத்தைப் பாருங்கள் என்று பலர் சொல்வார்கள். அது உதவும், ஆனால் எப்போதும் அல்ல. சில கார்டுகளில் ஒரு பட்டையில் உள்ள எல்லா நிறமும் ஒரே சாயலின் ஏற்ற இறக்கம், சிலவற்றில் பார்ப்பதற்கு இணக்கமானவற்றைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஆகவே இதை இன்னொரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

இந்த ஒரு மணி நேரம் முடியும்போது உங்கள் தாளில் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும்: 'முதலாவது, ஊதாச் சாயல் சாம்பல். இரண்டாவது, பச்சைச் சாயல் சாம்பல்.' இதை எழுத முடிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இப்போது முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். ஆரஞ்சு கலந்த மரக்கதவுக்குப் பக்கத்தில் நீலச் சாயல் சாம்பல் வந்தால் கதவு இன்னும் ஆரஞ்சாகவும் சுவர் இன்னும் நீலமாகவும் தெரியும். அது உங்களுக்கு வேண்டுமா? சிலருக்கு வேண்டும். அறியாமல் வந்து நிற்பதுதான் தொல்லை.

4. சுவரில் அடிக்காதீர்கள், அட்டையில் அடியுங்கள்

பழைய சுவரிலேயே கைப்பிடி அளவு இடத்தில் இரண்டு நிறத்தையும் தீற்றிப் பார்ப்பது வழக்கம். அதனால் குழப்பம்தான் மிஞ்சும். சுற்றிலும் பழைய நிறம் இருப்பதால் புதிய நிறம் அதன் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். பழைய சுவர் மஞ்சளாக இருந்தால் எந்தச் சாம்பலும் நீலமாகத்தான் தெரியும். தீற்றிய இடத்தின் விளிம்பு தடித்துப்போய், பிறகு தேய்த்து எடுக்கும் வேலையும் சேரும்.

அதற்குப் பதிலாக, ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நான்கு. கெட்டியான வெள்ளை அட்டை அல்லது மெல்லிய பலகை, குறைந்தது 60 செ.மீ.க்கு 60 செ.மீ. பட்டி பூசிய சுவர்போல மழமழப்பாக இருந்தால் நல்லது. பிரைமர் என்னும் அடிப்பூச்சு ஒரு கை, நிறம் இரண்டு கை. தூரிகையைவிட ரோலர் மேல், ஏனென்றால் சுவரிலும் ரோலர்தான் ஓடப்போகிறது. விளிம்புவரை அடியுங்கள். பின்பக்கம் ஷேடு கோடு, தேதி எழுதுங்கள். முன்பக்கம் எதுவும் வேண்டாம்.

எமல்ஷன், அதாவது தண்ணீரில் கரையும் சுவர் பெயின்ட், ஈரமாக இருக்கும்போது வெளிறித் தெரியும், காய்ந்தால் அடரும். ஈரத்தில் பார்த்து 'ரொம்ப வெளுப்பு' என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு முழு நாள் காயவிடுங்கள்.

இன்னொரு பொறி, பளபளப்பு. மேட் (பளபளப்பில்லாதது), சாட்டின் (இடைப்பட்டது), கிளாஸ் (பளபளப்பானது) என்று ஒரே ஷேடு கோடு மூன்று விதமாகத் தெரியும். மேட் பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நிறம் மெத்தென்று இருக்கும், பளபளப்பான பரப்பு எதிரே இருப்பதைப் பிரதிபலிக்கும். மாதிரி டப்பாக்கள் சில இடங்களில் ஒரே வகைப் பளபளப்பில்தான் கிடைக்கும். வாங்கும்போதே 'நான் சுவருக்கு வாங்கப் போவது இந்த வகை, மாதிரியும் அதேதானா' என்று கேளுங்கள். இல்லை என்றால் அசல் வகையிலேயே இருக்கும் ஆகச் சிறிய டப்பாவை வாங்கிவிடுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஆகும், ஆனால் இங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஒரு நிறத்துக்கு ஏன் இரண்டு அட்டை? அறையின் உள்மூலையில் இரண்டையும் எல் வடிவில், ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்துவதற்கு. சுவருக்கு எதிரே சுவர் நிற்கும்போது நிறம் ஒன்றின் மேல் ஒன்று பட்டுத் திரும்பிச் செறிவாகும். ஒற்றை அட்டையில் ஒளிந்திருந்த ஊதா, மூலையில் நிறுத்திய இரண்டு அட்டையின் மடிப்பில் தெளிவாகத் தெரிந்தது. முதல் தடவை இதை ஒன்றை மட்டும் செய்திருந்தாலே எனக்கு மறுபடி அடிக்கும் வேலை வந்திருக்காது.

5. முதலில் விளக்கை மாற்றுங்கள், பிறகு நிறத்தைப் பாருங்கள்

வீட்டில் விளக்குகளை மாற்றும் எண்ணம் இருந்தால் அட்டைகளைப் பார்ப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். நிறம் முடிவான பிறகு விளக்கை மாற்றினால், முடிவும் மாறிவிடும்.

விளக்கு டப்பாவில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கெல்வின், அதாவது ஒளியின் நிறம் எப்படி என்பதன் அளவு. 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த ஒளி, 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் ஒளியில் க்ரீமும் ரோஜாச் சாயலும் தூக்கலாகும், நீலம் மங்கும். 6500-இல் நீலமும் பச்சையும் எழும், க்ரீம் தன் இதத்தை இழந்துவிடும். இரண்டாவது எண் சி.ஆர்.ஐ., அதாவது அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்பதன் அளவு. உச்சம் 100. 80 பரவலாகக் கிடைப்பது, 90-க்கு மேல் இருந்தால் நிறத்துக்கு நல்லது. ஒரே அறையில் ஒரு விளக்கு 3000, இன்னொன்று 6500 என்று கலந்து போடாதீர்கள். அடங்கிய நிறச் சுவர் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம் என்று ஆகிவிடும்.

ஒரு வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வேறொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பது உண்டு. இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். உள்ளே சேர்த்திருக்கும் நிறமிகள் வேறு வேறாக இருப்பதால் வருவது. கடை வெளிச்சத்தில் பார்த்து 'இரண்டும் ஒன்றுதானே' என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். ஒரு நிறுவனத்தின் ஷேடு கோடைக் கொடுத்து இன்னொரு நிறுவனத்து பெயின்ட்டில் கலந்து தரச் சொன்னாலும் இதே ஆபத்துதான். நெருங்கி வரும், எல்லா வெளிச்சத்திலும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஜன்னல் எந்தப் பக்கம் என்பதும் கணக்கில் வரும். கிழக்கு ஜன்னல் அறையில் காலையில் மஞ்சள், பிற்பகலில் குளிர்ந்த வெளிச்சம். மேற்கில் இது தலைகீழ், சாயங்காலம் சுவர் பொன்னாகிவிடும். நேர் வெயில் விழாத ஜன்னலில், பூமியின் வடபாதியில் பெரும்பாலும் வடக்கு ஜன்னல், தென்பாதியில் பெரும்பாலும் தெற்கு ஜன்னல், நாள் முழுக்க வானத்தின் நீல வெளிச்சம்தான் வரும். அப்படிப்பட்ட அறையில் நீலச் சாயல் சாம்பல் இன்னும் குளிர்ந்துபோகும். ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த மரம் இருந்தால் பச்சை உள்ளே வரும், எதிர் வீட்டுச் சுவர் செங்கல் என்றால் சிவப்பு வரும்.

வெளிச்சம் குறைவான அறைக்கு வெள்ளை அடித்தால் வெளிச்சம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். திருப்பிக் கொடுக்க வெளிச்சமே இல்லாதபோது ஆஃப் ஒயிட் அழுக்குச் சாம்பலாகத்தான் நிற்கும். அங்கே கொஞ்சம் மஞ்சள் சாயல் உள்ளதுதான் எனக்குக் கைகொடுத்தது.

6. ஒரு வாரம் பாருங்கள்

அட்டைகளை எப்போதும் செங்குத்தாக, சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். தரையில் படுக்க வைத்தால் மேலிருந்து விழும் ஒளியில் வேறு நிறமாகத் தெரியும். ஒரு நாள் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், மறுநாள் ஜன்னல் இருக்கும் அதே சுவர் (அதுதான் அறையிலேயே இருட்டான சுவர்), அடுத்த நாள் தரையை ஒட்டி, பிறகு கதவுச் சட்டத்தின் பக்கம். இப்படி இடம் மாற்றிக்கொண்டே வாருங்கள்.

காலை, நண்பகல், மாலை, இரவு விளக்கு வெளிச்சம் என்று நாளுக்கு நான்கு தடவை. வாரத்தில் மேகமூட்டமான ஒரு நாளும் கிடைத்தால் மிக நல்லது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சொல் எழுதுங்கள். 'ரோஜா', 'மங்கல்', 'இதம்', 'பச்சை' எது தோன்றுகிறதோ அது. நீங்கள் அந்த அறையில் அதிகம் இருக்கும் நேரம் எதுவோ அந்த நேரத்துச் சொல்லுக்கு இரண்டு மடங்கு மதிப்புக் கொடுங்கள். பகல் முழுக்க வேலைக்குப் போய்விட்டு இரவில் மட்டும் கூடத்தில் உட்காருகிறவர்கள் நண்பகல் நிறத்தைப் பார்த்து மயங்கி என்ன பயன்?

பார்க்கும்போது முதல் சில நொடிகள்தான் முக்கியம். அறைக்கு வெளியே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வந்து பாருங்கள். நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் அந்த வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் பழகி, சாயலைக் கழித்துவிட்டுப் பார்க்கும். ஐயம் வந்தால் அட்டையின் பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள்.

கைபேசியில் படம் எடுத்து அனுப்பி யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள். கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும். நீங்கள் தேடுகிற அந்தச் சின்னச் சாயலைத்தான் அது முதலில் துடைத்துப் போடும். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்கும்போதும் 'எது நன்றாக இருக்கிறது' என்று கேட்காமல் 'இது என்ன நிறம்' என்று மட்டும் கேளுங்கள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு மூன்று பேரும் தனித்தனியே 'ஊதா' என்றபோது விஷயம் முடிந்தது.

7. இன்னும் முடிவாகவில்லை என்றால்

ஒரு வாரத்துக்குப் பிறகும் இரண்டும் சமமாக இருந்தால் இந்த வரிசையில் தள்ளிப் பாருங்கள். கதவு, ஜன்னல் சட்டங்களின் வெள்ளையோடு எது இணங்குகிறது? மஞ்சள் கலந்த சட்டத்துக்குப் பக்கத்தில் குளிர்ந்த வெள்ளைச் சுவர் வந்தால் சட்டம் பழுதுபட்டதுபோல் தெரியும். அடுத்து, கைபடும் அறையா? அப்படியானால் எல்.ஆர்.வி. குறைவாக உள்ள நிறம் அழுக்கைத் தாங்கும். இவற்றிலும் சமம் என்றால் உங்கள் வீட்டில், உங்கள் வெளிச்சத்தில் அவற்றுக்கு வித்தியாசம் இல்லை என்று பொருள். கையில் வந்ததை எடுங்கள்.

'இரண்டையும் பாதிப் பாதி கலந்துவிடலாம்', 'இதே நிறத்தை அரைப் பங்கு வீரியத்தில் போடச் சொல்லலாம்' என்ற யோசனைகள் இப்போது வரும். வேண்டாம். துளி அளவில் சேர்க்கும் நிறமிகளைப் பாதியாக்கும்போது சாயல் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம். பிறகு டச்-அப் செய்ய, அதாவது கீறல்களை மறைத்துச் சரிசெய்ய, அதே நிறம் மறுபடி கிடைப்பதும் கஷ்டம். அப்படித்தான் வேண்டும் என்றால் அதையும் புது நிறமாகக் கருதி அட்டையிலிருந்து ஆரம்பியுங்கள்.

8. அளவும் செலவும்

சுவரின் சுற்றளவை உயரத்தால் பெருக்கிக் கதவு, ஜன்னலைக் கழியுங்கள். 4 மீட்டருக்கு 3.5 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 15 மீட்டர், சுவர்ப் பரப்பு 45 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு 5 போனால் 40. இரண்டு கைக்கு 80. தொழில்நுட்பத் தாளில் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று இருந்தால் 8 லிட்டர். கசிவு, டச்-அப் எல்லாவற்றுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 9 லிட்டர். புதுப் பட்டி பூசிய சுவர் பிரைமர் இல்லாமல் இருந்தால் உறிஞ்சிக்கொள்ளும், இந்தக் கணக்கு நிற்காது.

மாதிரி டப்பா வாங்க மனம் வராதவர்களுக்கு ஒரு கணக்கு. நிறம் தவறினால் 9 லிட்டரும் மறுபடி, கூலி மறுபடி, தேய்ப்பு மறுபடி. மாதிரிக்கு ஆவது ஒரு லிட்டர் விலைக்கு அப்பால் அதிகம் போகாது. கலந்த பெயின்ட்டைப் பொதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

9. வாங்கும் நாள்

முழு அளவையும் ஒரே தடவையில் வாங்குங்கள். போதாமல் போய் இரண்டாம் தடவை வாங்கினால் நிறமிகளைச் சேர்க்கும் அடிப்படை வெள்ளையின் பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாறியிருக்கலாம், அடங்கிய நிறத்தில் அந்தச் சின்ன மாற்றமும் சுவர் நடுவில் தெரியும். ஒவ்வொரு டப்பாவிலும் பேட்ச் எண் ஒன்றுதானா, ஒட்டியிருக்கும் சீட்டில் ஷேடு கோடும் பளபளப்பு வகையும் சரியா என்று அங்கேயே பாருங்கள். மூடியைத் திறந்து ஒரு விரல் தொட்டு வெள்ளை அட்டையில் தடவிக் காயவைத்து, உங்கள் மாதிரி அட்டையோடு ஒப்பிடுங்கள். இதற்குக் கையோடு சின்னத் துண்டு அட்டை கொண்டுபோனால் போதும். கலவைச் சீட்டை, அதாவது எந்த நிறமி எத்தனை அளவு என்று மெஷின் அச்சடித்ததை, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதும் வேலை முடியும்வரை பத்திரம்.

வீட்டுக்கு வந்ததும், ஒரு சுவருக்கு வேண்டிய டப்பாக்களைப் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். பெயின்டர் 'தேவையில்லை' என்பார். வற்புறுத்துங்கள்.

10. அடிக்கும்போது பதறாதீர்கள்

முதல் கை அடித்த அன்று எந்த நிறமும் தவறாகத்தான் தெரியும். திட்டுத் திட்டாக, பழைய நிறம் எட்டிப் பார்த்துக்கொண்டு, பக்கத்துச் சுவர் இன்னும் பழையதாக. தொழில்நுட்பத் தாளில் சொன்ன இடைவெளி விட்டு இரண்டாம் கை முடிந்து, ஒரு நாள் காய்ந்து, தரையில் விரித்த துணியெல்லாம் எடுத்த பிறகு பாருங்கள். நீல நிற விரிப்பு தரையில் கிடக்கும்வரை சுவர் நீலமாகத்தான் இருக்கும்.

முதலில் கதவுக்குப் பின்னால் வரும் சுவரை அடிக்கச் சொல்லுங்கள். ஏதேனும் தவறு இருந்தால் அங்கே தெரிந்துவிடும், நிறுத்தவும் முடியும்.

எமல்ஷன் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் முழுதாக இறுகச் சில வாரம் ஆகும். அதுவரை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். துடைத்த இடம் பளபளத்து, வேறு நிறம்போல் நிற்கும். மிச்சமான பெயின்ட்டைக் காற்றுப் புகாத சின்ன ஜாடியில் ஊற்றி வையுங்கள். ஷேடு கோடு, பளபளப்பு வகை, பேட்ச் எண், அடித்த தேதி நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி அந்த அறையின் அலமாரிக் கதவு உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு கீறலை மறைக்க வேண்டி வரும்போது நீங்கள் முதலில் தேடப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.